ஃப்ளெமிங்டன் ரேஸ்கோர்ஸ் கிளைப்பாதை: ஆண்டில் சில நாள் மட்டும் ஓடும் ரயில் எப்படி இயங்குகிறது?

கேள்வி: மெல்பர்ன் புறநகர் ரயில் வரைபடத்தில் நியூமார்க்கெட்டுக்கு அப்பால் ஷோகிரவுண்ட்ஸ், ஃப்ளெமிங்டன் ரேஸ்கோர்ஸ் என்று இரண்டே நிலையங்களோடு ஒரு குட்டிக் கிளை பிரிகிறது. சாதாரண நாளில் அங்கே வண்டியே கிடையாது. நகரத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் பாதையை ஏன் சும்மா போட்டு வைத்திருக்கிறார்கள்? மெல்பர்ன் கப் என்ற பெரிய குதிரைப் பந்தயத்தன்று வரும் கூட்டத்தை இந்தச் சின்னப் பாதை எப்படித் தாங்குகிறது? முதல்முறை போகிறவர் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்:

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். மற்ற புறநகர்ப் பாதைகள் நாள் முழுக்க ஆளை ஏற்றி இறக்கப் போட்டவை. இது ஒரு மைதானத்தைக் காலையில் நிரப்பவும் மாலையில் காலி செய்யவும் போட்டது. அதனால் இதன் திறமையைக் கிலோமீட்டரில் அளந்து பயனில்லை. கிளை தொடங்கும் ஜங்ஷனிலும் அது முடியும் நடைமேடையிலும்தான் எல்லாமே தீர்மானமாகிறது. நடுவில் இருக்கும் தண்டவாளத்தால் பெரும்பாலும் பிரச்சினை வருவதில்லை.

இதன் வரலாற்றைப் பார்த்தாலே இந்தப் பாதையின் குணம் புரிந்துவிடும். மெல்பர்ன் அண்ட் எஸன்டன் ரயில்வே கம்பெனி என்ற தனியார் நிறுவனம் 1860-இல் எஸன்டனுக்குப் பாதை போட்டது. அதிலிருந்து பிரியும் ரேஸ்கோர்ஸ் கிளை 1861 பிப்ரவரி 28 அன்று திறக்கப்பட்டது. முதல் மெல்பர்ன் கப் அதே ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதிதான் நடந்தது. ஆர்ச்சர் என்ற குதிரை ஜெயித்தது. பார்க்க வந்தவர்கள் ஏறக்குறைய 4,000 பேர். அதாவது கப்பை விட ரயிலுக்கு வயது சில மாதம் கூடுதல். ஃப்ளெமிங்டனில் பந்தயம் 1840 முதலே நடந்து வந்தது. ரயில் வருமுன் ஆற்றில் படகேறி வந்து இறங்கியவர்களும் உண்டு.

கம்பெனியால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1864-இல் எஸன்டன் பாதையே மூடப்பட்டது. 1867-இல் அரசு அதை வாங்கியது. வாங்கியதும் முதலில் திரும்பி வந்தவை எவை தெரியுமா? 1867 நவம்பரில் பந்தய வண்டிகள். எஸன்டன் மக்களுக்கான வழக்கமான வண்டி வர 1871 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குடியிருப்பை நம்பி ஓட முடியாத காலத்திலும் பந்தயக் கூட்டத்தை நம்பி ஓடலாம் என்ற கணக்கு அன்றே போடப்பட்டுவிட்டது. 1883-இல் வேளாண் கண்காட்சி இன்றைய ஷோகிரவுண்ட்ஸ் திடலுக்கு வந்த பிறகு, இதே கிளைக்கு இன்னொரு பெரிய வாடிக்கையாளர் கிடைத்தார்.

தினமும் ஏன் வண்டி விடுவதில்லை என்பதற்கு வருகிறேன். ஒரு கிளைக்கு அன்றாடச் சேவை வேண்டுமென்றால், வேறு எதுவும் எட்டாத இடத்தில் அது ஆட்களைப் பிடிக்க வேண்டும். இங்கே அப்படியில்லை. கிழக்கே, இன்று கிரேகிபர்ன் வரை நீளும் அதே எஸன்டன் பாதையின் நியூமார்க்கெட், அஸ்காட் வேல் நிலையங்கள் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. நகர மையத்தின் எலிசபெத் தெருவிலிருந்து கிளம்பும் 57-ஆம் எண் டிராம் ரேஸ்கோர்ஸ் ரோடு, எப்ஸம் ரோடு வழியாக மைதானத்தை ஒட்டியே போகிறது. மேற்கிலும் தெற்கிலும் மரிபிர்னாங் ஆறு. பாதையை அந்தப் பக்கம் நீட்ட வேண்டுமென்றால் மைதானத்தையும் ஆற்றையும் தாண்டியாக வேண்டும். நிலையத்தைச் சுற்றியுள்ள நிலத்தில் பெரும்பகுதி பந்தய ஓடுபாதை, லாயம், கண்காட்சித் திடல். வீடுகள் இல்லாத இடத்தில் காலை எட்டு மணிக்கு ரயிலுக்குக் காத்திருக்க யார் வருவார்கள்?

இதோடு இன்னொரு விலையும் உண்டு. கிளைக்கு விடும் ஒவ்வொரு வண்டியும் நார்த் மெல்பர்னுக்கும் நியூமார்க்கெட்டுக்கும் இடையே கிரேகிபர்ன் வண்டி போகக்கூடிய ஓர் இடைவெளியை எடுத்துக்கொள்கிறது. வடக்கே கிரேகிபர்ன் பக்கம் மக்கள் பெருகிக்கொண்டே இருக்கிறார்கள். அந்த இடைவெளியை அவர்களுக்குக் கொடுப்பதா, காலிப் பெட்டியாக ஷோகிரவுண்ட்ஸ் போகும் வண்டிக்குக் கொடுப்பதா என்றால், முதலாவதுதான் சரி. அந்தப் பகுதியில் அடுக்குமாடிகள் கூடிவருவதால் நாளை கணக்கு மாறலாம். அப்போதும் இந்த இடைவெளிக் கேள்விக்குப் பதில் வைத்துக்கொண்டுதான் தினசரி வண்டி கேட்க வேண்டும்.

பிரிஸ்பேனின் டூம்பன் பாதையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவும் 1882-இல் ஈகிள் ஜங்ஷனிலிருந்து ஈகிள் ஃபார்ம் பந்தயத் திடலுக்குப் போட்ட கிளைதான். ஆனால் அதைச் சுற்றி அஸ்காட், ஹெண்ட்ரா போன்ற குடியிருப்புகள் வளர்ந்தன. அதனால் பந்தயம் இல்லாத நாளிலும் அங்கே வண்டி ஓட ஒரு காரணம் கிடைத்தது. ஒரே மாதிரிப் பிறந்த இரண்டு கிளைகளில் ஒன்று புறநகர்ப் பாதையானதும் மற்றொன்று விழா நாள் பாதையாகவே நின்றதும் இந்த நிலப் பயன்பாட்டால்தான்.

இனி ஜங்ஷன். நியூமார்க்கெட் நிலையத்தைத் தாண்டியதும் கிளை இடப்பக்கமாக, மேற்கு நோக்கிப் பிரிகிறது. விக்டோரியாவில் வண்டிகள் இடது தண்டவாளத்தில் ஓடும். நகரத்திலிருந்து வெளியே போகும் திசையை டவுன் என்றும் நகரத்துக்குள் வருவதை அப் என்றும் சொல்வார்கள். டவுன் திசையில் வரும் ரேஸ்கோர்ஸ் வண்டிக்குச் சிக்கல் இல்லை. இடது தண்டவாளத்திலிருந்து இடப்பக்கமே ஒதுங்கிப் போய்விடும். திரும்பி வரும் வண்டிதான் பாடாய்ப் படுத்தும். அது கிளையிலிருந்து வந்து, கிரேகிபர்ன் போகும் டவுன் தண்டவாளத்தைக் குறுக்கே வெட்டிக் கடந்து, அப்புறம்தான் அப் தண்டவாளத்தில் சேர முடியும். மேம்பாலம் இல்லாமல் ஒரே மட்டத்தில் அமைந்த ஜங்ஷன் என்பதால், அது கடக்கும்போது கிரேகிபர்ன் போகும் வண்டி நின்றுதான் ஆக வேண்டும்.

கணக்காகப் பார்ப்போம். பாதை அமைத்து, 6 பெட்டி வண்டி மெதுவாகக் கடந்து, பாயிண்ட் (வண்டியை ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பும் அமைப்பு) மறுபடி திரும்பி, சிக்னல் விழ 2 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 10 வண்டி திரும்பினால் 20 நிமிடம் டவுன் பாதை அடைபடும். ஒரு மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு.

இதைக் குறைக்க அட்டவணை போடுகிறவர்களிடம் ஒரு நல்ல உத்தி இருக்கிறது. ரேஸ்கோர்ஸுக்குப் போகும் வண்டியையும் அங்கிருந்து வரும் வண்டியையும் ஜங்ஷனில் ஒரே நேரத்தில் சந்திக்க விடுவது. போகிற வண்டி, குறுக்கு வெட்டும் இடத்துக்கு முன்பே கிளைக்குள் ஒதுங்கிவிடும். ஆகவே அந்த இரண்டு வண்டிகளும் ஒன்றை ஒன்று தடுப்பதில்லை. போகிற வண்டி எப்படியும் டவுன் பாதையில் ஓர் இடைவெளியை எடுத்திருக்கும். வருகிற வண்டியின் குறுக்கு வெட்டும் அதே இடைவெளிக்குள் முடிந்துவிட்டால் கூடுதல் செலவு இல்லை. ஆனால் இருவரில் ஒருவர் ஒன்றரை நிமிடம் பிந்தினாலும் ஜோடி கலைந்துவிடும். பிறகு தனித்தனியாக இரண்டு இடைவெளி தேவைப்படும். தாமதம் கிரேகிபர்ன் வரை பரவும். பந்தய நாளில் ஒரே ஒரு கதவு மூடாமல் மக்கர் செய்தால்கூட ஊரின் வடபாதிக்கே வண்டி பிந்துவது இதனால்தான்.

வசந்தகாலப் பந்தய விழாவில் நாலு பெரிய நாள்கள் உண்டு: சனிக்கிழமை டெர்பி, நவம்பர் மாத முதல் செவ்வாய்க்கிழமை கப், வியாழக்கிழமை ஓக்ஸ், அடுத்த சனிக்கிழமை கடைசி நாள். கப் அன்று கூட்டம் அதிகம் என்பதால் அதுதான் ரயிலுக்குக் கடினமான நாள் என்று தோன்றும். நான் வியாழக்கிழமையைத்தான் சொல்வேன். கப் அன்று மெல்பர்னில் பொது விடுமுறை. அலுவலகக் கூட்டம் இல்லை. வண்டிகளையும் ஓட்டுநர்களையும் பந்தயத்துக்கே திருப்பிவிடலாம். ஓக்ஸ் நாள் வேலை நாள். பந்தயம் முடிந்து ஆட்கள் வெளியேறும் அதே மாலையில்தான் நகரத்து அலுவலகங்களும் காலியாகி, கிரேகிபர்ன் பக்கம் வண்டிகள் நெருக்கமாகப் போய்க்கொண்டிருக்கும். பந்தய வண்டிகள் குறுக்கே வெட்ட வேண்டியது துல்லியமாக அந்தத் தண்டவாளத்தைத்தான்.

அடுத்து, கடைசி நிலையம். கப் பந்தயம் பிற்பகல் 3 மணிக்கு. அதோடு ஒரு கூட்டம் கிளம்பும். மாலையில் கடைசிப் பந்தயம் முடிந்ததும் அதைவிடப் பெரிய கூட்டம். காலையில் நாலைந்து மணி நேரத்தில் பரவலாக வந்தவர்கள் மாலையில் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் வெளியேற நினைப்பார்கள். 2003 கப் அன்று மைதானத்தில் இருந்தவர்கள் 1,22,736 பேர். அது கப் நாளின் சாதனை. 2024-இல் 91,168 பேர். இவர்களில் மூன்றில் ஒரு பங்கு ரயிலுக்கு வந்தாலே 30,000 பேர். ஒரு 6 பெட்டி வண்டிக்கு 900 பேர் என்று கொண்டால் 33 வண்டிகள் தேவை. 6 நிமிடத்துக்கு ஒன்று விட்டால் மூன்றேகால் மணி நேரம் ஆகும். 4 நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஏறக்குறைய இரண்டேகால் மணி நேரம். வரிசையில் நிற்கிறவர் பார்வையில் இந்த இரண்டு நிமிட வித்தியாசம் ஒரு மணி நேரமாகிறது.

ஆகவே வண்டி நடைமேடையில் நிற்கும் நேரத்தைச் சுருக்குவதுதான் பெரிய வேலை. வண்டி வந்து நின்றதும் என்னென்ன நடக்கிறது? இறங்குவோர் இறங்க வேண்டும், ஏறுவோர் ஏற வேண்டும், ஓட்டுநர் இந்த முனைக் கேபினை அணைத்துவிட்டு 140 மீட்டருக்கு மேல் நடந்து மறுமுனைக் கேபினுக்குப் போய், வண்டியை உயிர்ப்பித்து, பிரேக் பார்த்து, சிக்னலுக்குக் காத்திருக்க வேண்டும். கூட்டம் நிறைந்த நடைமேடையில் அந்த நடைக்கே மூன்று நிமிடம் போய்விடும். இதற்கு நகர ரயில்களில் கையாளும் வழி, கூடுதல் ஓட்டுநரை நிறுத்துவது. வண்டி வரும்போதே அடுத்த ஓட்டுநர் பின்முனையில் தயாராக நிற்பார். வந்தவர் இறங்கி, நிதானமாக நடந்து, அடுத்த வண்டியை எடுப்பார். ஒரே ஓர் ஆள் கூடுதல். ஒவ்வொரு வண்டிக்கும் இரண்டு மூன்று நிமிடம் மிச்சம்.

எந்த வண்டியை அனுப்புகிறார்கள் என்பதும் முக்கியம். காமெங் வகைப் பெட்டிக்கு ஒரு பக்கம் மூன்று இரட்டைக் கதவுகள். 6 பெட்டிக்கு 18. சீமென்ஸ் வகையில் பெட்டிக்கு இரண்டுதான், மொத்தம் 12. 900 பேரைப் பகிர்ந்தால் காமெங்கில் கதவுக்கு 50 பேர், சீமென்ஸில் 75 பேர். விநாடிக்கு ஒருவர் வீதம் ஏறினாலும் 25 விநாடி வித்தியாசம். நிஜத்தில் அது இன்னும் கூடும், ஏனென்றால் முதலில் ஏறியவர்கள் கதவருகிலேயே நின்றுவிடுவார்கள். சீமென்ஸில் கதவுகளுக்கு இடையே தூரம் அதிகம் என்பதால் உள்ளே நகராமல் நிற்பது இன்னும் அதிகமாகப் பாதிக்கும். நடைமேடை ஊழியர்கள் தொண்டை வற்ற "உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று கத்துவதற்குப் பின்னால் இந்தக் கணக்கு இருக்கிறது.

நடைமேடைக்கு வெளியே தடுப்பு போட்டு ஏன் நிறுத்தி வைக்கிறார்கள் என்று பலர் கோபப்படுவார்கள். வண்டி காலியாக நிற்கும்போதும் விடமாட்டேன் என்கிறார்களே என்று. 150 மீட்டர் நீளம், விளிம்புக் கோடு போக 3 மீட்டர் அகலம் உள்ள நடைமேடை 450 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு இரண்டு பேர் வரை சிரமமில்லாமல் நகரலாம். அதாவது 900 பேர், ஒரு வண்டிச் சுமை. அதற்கு மேல் விட்டால் சதுர மீட்டருக்கு நாலு பேர் நிற்கும் நெரிசல் வந்து, வண்டியிலிருந்து இறங்குகிறவருக்கு வழி இல்லாமல் போகும். விளிம்பில் நிற்பவர் தள்ளப்படுவார். எனவே ஒரு வண்டிக்கு ஒரு தொகுதி என்று எண்ணி விடுவதுதான் சரியான முறை. வரிசை நீளமாக இருப்பது வெறும் அசௌகரியம். நடைமேடை நிரம்பி வழிவது உயிராபத்து.

இந்த இரண்டும், அதாவது ஜங்ஷனும் நடைமேடையும், கவனிக்கப்படாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க்கின் பெல்மாண்ட் பார்க் நல்ல உதாரணம். லாங் ஐலண்ட் ரயில்ரோட்டின் மெயின் லைனிலிருந்து பிரியும் குட்டிக் கிளை; பந்தயக் காலத்தில் மட்டும் வண்டி. 2014 ஜூனில் கலிஃபோர்னியா குரோம் என்ற குதிரை மூன்று பெரிய பந்தயங்களையும் ஒரே ஆண்டில் ஜெயித்து ‘மும்முடி’ வெல்லுமா என்று பார்க்க 1,02,199 பேர் வந்தார்கள். ரயிலில் வந்தவர்கள் மட்டும் ஏறக்குறைய 36,000. குதிரை தோற்றது, எல்லோரும் ஒரே நேரத்தில் நிலையத்துக்குத் திரும்பினார்கள். பல மணி நேரம் வரிசையில் நின்றார்கள். அடுத்த ஆண்டுக்குள் இரண்டு நடைமேடைகளை 10 பெட்டி நிற்கும் அளவுக்கு நீட்டினார்கள். வருகையாளர் எண்ணிக்கைக்கு 90,000 என்று வரம்பு வைத்தார்கள். கவனியுங்கள், இரண்டு புதிய தண்டவாளம் போடவில்லை. 8 பெட்டி நிற்கும் நடைமேடையை 10 பெட்டிக்கு நீட்டுவது என்றால் வண்டி எண்ணிக்கையைக் கூட்டாமலே 25 சதவீதம் கூடுதல் ஆட்கள். அந்தக் கிளை மேற்கிலிருந்து வரும் வண்டிகளுக்கு மட்டுமே வாகானது. கிழக்கிலிருந்து வருகிறவர்களுக்கு நேர்வழி இல்லை. பின்னால் பக்கத்தில் விளையாட்டரங்கு வந்தபோது, கிளையை நம்பாமல் மெயின் லைனிலேயே எல்மாண்ட் என்ற புது நிலையத்தை 2021-இல் திறந்தார்கள்.

ஹாங்காங்கில் இதற்கு அழகான தீர்வு உண்டு. ஷா டின் பந்தயத் திடலுக்கான ரேஸ்கோர்ஸ் நிலையம் 1985-இல் திறந்தது. அது முட்டுச்சந்தாக முடியும் கிளையில் இல்லை. ஃபோ டான் நிலையத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடி பிரதான பாதையிலேயே சேரும் இணைப் பாதையில் இருக்கிறது. பந்தய நாளில் சில வண்டிகள் ஃபோ டானுக்குப் பதில் இந்த வழியாகப் போகும். வண்டி முனை மாற்ற வேண்டியதில்லை, ஓட்டுநர் நடக்க வேண்டியதில்லை. ஃப்ளெமிங்டனில் அப்படிச் செய்ய இடமில்லை.

முட்டுச்சந்து நிலையங்கள் நீராவிக் காலத்தில் எவ்வளவு இடம் தின்றன என்பதை இங்கிலாந்தின் எப்ஸம் டவுன்ஸ் காட்டும். டெர்பிப் பந்தயத்துக்காக 1865-இல் திறந்த அந்தக் கிளை முனையில் 9 நடைமேடைகள் இருந்தன. இன்ஜினைக் கழற்றி, சுற்றிக் கொண்டுவந்து மறுமுனையில் மாட்ட வேண்டும். பந்தயம் முடியும்வரை வண்டிகளை நிறுத்தியும் வைக்க வேண்டும். 1901-இல் ஓடுபாதைக்கு இன்னும் நெருக்கமாக டாட்டன்ஹம் கார்னர் நிலையம் வந்ததும் பந்தயக் கூட்டம் அங்கே மாறியது. எப்ஸம் டவுன்ஸ் பாதை 1982-இல் ஒற்றைத் தண்டவாளமானது. 1989-இல் நிலையத்தையே சில நூறு மீட்டர் முன்னால் நகர்த்தி, பழைய இடத்தில் வீடு கட்டினார்கள். ஃப்ளெமிங்டன் நிலையம் பார்வையாளர் மாடங்களுக்குப் பின்னாலேயே இருப்பது எவ்வளவு பெரிய அதிர்ஷ்டம் என்பது இதோடு ஒப்பிட்டால் தெரியும்.

ஆண்டில் பெரும்பகுதி சும்மா கிடக்கும் பாதையை விழா நாளுக்குத் தயார் செய்வதில்தான் வெளியே தெரியாத வேலை இருக்கிறது. முதல் எதிரி துரு. தண்டவாளத்தின் மேல்முகம் சக்கரம் உருண்டு உருண்டுதான் பளபளப்பாக இருக்கிறது. சில வாரம் வண்டி ஓடாவிட்டால் பழுப்பேறும். பார்வைக்குத்தான் கேடு என்று நினைக்க வேண்டாம். சிக்னல் அமைப்பு வண்டி எங்கே இருக்கிறது என்று அறிய, தண்டவாளங்கள் இரண்டிலும் சிறு மின்சாரத்தை ஓட விட்டிருப்பார்கள். வண்டி வந்தால் அதன் சக்கரமும் அச்சும் இரு தண்டவாளத்தையும் இணைத்து மின்சாரத்தைக் குறுக்கே பாய வைக்கும், ரிலே என்ற மின்சுவிட்ச் விழும், சிக்னல் சிவப்பாகும். துருப் படலம் நடுவில் இருந்தால் அந்த இணைப்பு சரியாக விழாது. வண்டி நிற்கும் தண்டவாளம் காலி என்று அமைப்பு நினைத்துக்கொள்ளும். ரயில்வேயில் இதைவிட மோசமான தவறு கிடையாது.

மருந்து எளிது: விழாவுக்கு முன் காலி வண்டியைப் பலமுறை ஓட விட வேண்டும். பாயிண்ட்களின் இரண்டு கிளையிலும், எல்லா நடைமேடைத் தண்டவாளங்களின் கடைசி மீட்டர் வரையிலும் ஓட்டுவது அவசியம். வழக்கமாக நடுத் தண்டவாளம் பளபளத்துவிடும். முனைப் பக்கம் 20 மீட்டர் துருவோடு விடுபடும். பிறகு தொழில்நுட்பர்கள் ஒவ்வொரு பகுதியிலும் தண்டவாளங்களுக்கு இடையே சோதனைத் தடை வைத்து, ரிலே விழுகிறதா என்று பார்ப்பார்கள். 1500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடும் பாதையில் இன்னொரு நுணுக்கம் உண்டு. மோட்டாரிலிருந்து திரும்பும் மின்சாரமும் இதே தண்டவாளத்தில்தான் போகும். அதோடு குழம்பாதிருக்க, வண்டி அறியும் சுற்றுக்கு மாறுமின்சாரம் பயன்படுத்துவார்கள். தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் செம்புப் பட்டை ஒன்று அறுந்திருந்தாலும் இரண்டுமே கெடும். சும்மா கிடந்த பாதையில் அது முன்கூட்டியே தெரியாது. தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

இரண்டாவது பாயிண்ட்கள். அசையாமல் கிடந்தவற்றில் மசகு காய்ந்து, கல்லும் இலையும் பாயிண்டின் நகரும் நாக்குக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே சிக்கும். சுத்தம் செய்து, மசகிட்டு, இருபது முப்பது முறை அசைத்துப் பார்க்க வேண்டும். பந்தய நாளில் ஜங்ஷன் அருகே ஆட்களைக் காவல் வைப்பது நல்ல முறை. பாயிண்ட் மாட்டிக்கொண்டால் அதைக் கையால் திருப்பி இறுகப் பூட்டி வண்டி விட, ஆள் அங்கேயே இருந்தால் பத்து நிமிடம். டிப்போவிலிருந்து காரில் வர வேண்டுமென்றால், பந்தய நாள் போக்குவரத்தில், நாற்பது.

மூன்றாவது மின்சாரம். ஒரு 6 பெட்டி வண்டி கிளம்பும்போது 2 மெகாவாட் இழுக்கிறது என்று கொண்டால், 1500 வோல்ட்டில் அது 1,300 ஆம்பியருக்கு மேல். இரண்டு மூன்று வண்டி ஒரே விநாடியில் கிளம்பினால் மேல்கம்பியில் மின்னழுத்தம் சரியும். மோசமானால் துணைமின் நிலையத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர் விழும். ஒரு தடங்கலுக்குப் பிறகு எல்லா சிக்னலும் ஒன்றாகப் பச்சையாகும்போதுதான் இது நடக்க வாய்ப்பு அதிகம். ஆகவே தடங்கல் நீங்கியதும் வண்டிகளை ஒவ்வொன்றாக, சில விநாடி இடைவிட்டுக் கிளப்ப வேண்டும்.

மின்சாரம் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. சார்ல்ஸ் மெர்ஸ் என்ற பொறியாளரின் திட்டப்படி மெல்பர்ன் புறநகர் ரயிலை மின்மயமாக்கியபோது, 1918 அக்டோபரில் முதல் சோதனை ஓட்டம் நடந்தது இந்த ரேஸ்கோர்ஸ் கிளையில்தான். அன்றாட வண்டிகளுக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓட்டிப் பார்க்கவும் ஓட்டுநர்களுக்குப் பழக்கவும் இதைவிடத் தோதான பாதை ஏது? மக்களுக்கான மின்ரயில் 1919 மே 28 அன்று சான்ட்ரிங்கம்–எஸன்டன் இடையே தொடங்கியது. இதே 1500 வோல்ட் நேர்மின்சாரத்தில்தான் 1931-இல் சென்னைக் கடற்கரை–தாம்பரம் மின்ரயிலும் ஓடத் தொடங்கியது. பின்னாளில் அது 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாறியது. மெல்பர்ன் இன்றும் 1500-இலேயே இருக்கிறது. கிண்டி பந்தயத் திடலுக்கு மெயின் லைன் நிலையமே நடக்கிற தூரத்தில் இருந்ததால் அங்கே இப்படி ஒரு கிளை தேவைப்படவில்லை.

இனி பயணிக்கு வேண்டியது. கிளம்பும் முன், அன்று சிறப்பு வண்டி உண்டா என்று நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். ஃப்ளெமிங்டனில் ஆண்டு முழுக்கப் பந்தயங்கள் நடக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி வண்டி இருக்காது. வழக்கமான மைக்கி பயண அட்டையே போதும். ஏறும்போதும் இறங்கும்போதும் தட்ட வேண்டும். அட்டையில் பணம் இருக்கிறதா என்று முதல் நாள் இரவே பாருங்கள். பணம் போடும் இயந்திரத்தின் முன் நிற்கும் வரிசை, வண்டிக்கு நிற்கும் வரிசையை விட நீளமாக இருக்கும்.

ஃபிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட், சதர்ன் கிராஸ், நார்த் மெல்பர்ன் ஆகிய இடங்களில் ஏறலாம். உட்கார்ந்து போக வேண்டுமென்றால் வண்டி கிளம்பும் ஃபிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட்டில் ஏறுங்கள். கிரேகிபர்ன் என்று பலகை போட்ட வண்டியில் ஏறிவிட்டு ரேஸ்கோர்ஸ் வரும் என்று காத்திருப்பது புதியவர்கள் செய்யும் வழக்கமான தவறு. அது நியூமார்க்கெட்டைத் தாண்டி நேரே வடக்கே போய்விடும். சிறப்பு வண்டிகள் நியூமார்க்கெட்டில் நிற்காமல் போகலாம் என்பதால், அங்கே இறங்கி மாறிக்கொள்ளலாம் என்றும் கணக்குப் போடாதீர்கள். எஸன்டன், பிராட்மெடோஸ் பக்கமிருந்து வருகிறவர்கள் நார்த் மெல்பர்ன் வரை போய் மாறுவதுதான் நிச்சயமான வழி. நியூமார்க்கெட்டில் இறங்கியே தீர வேண்டுமென்றால் ரேஸ்கோர்ஸ் ரோட்டில் 57 டிராம் பிடியுங்கள், அல்லது நடந்துவிடுங்கள்.

வேளாண் கண்காட்சிக்கு, அதாவது செப்டம்பர் கடைசியில் தொடங்கும் ராயல் மெல்பர்ன் ஷோவுக்கு, ஷோகிரவுண்ட்ஸில் இறங்க வேண்டும். அந்தக் கூட்டம் குழந்தைகளோடு வருவது. நாள் முழுக்கப் பரவி வரும், பரவிப் போகும். பந்தய நாள் நெரிசலை மனத்தில் வைத்து அதற்குப் பயப்பட வேண்டாம். தள்ளுவண்டி கொண்டுபோகிறவர்கள் ஓட்டுநர் கேபினுக்கு அடுத்த முதல் கதவில் ஏறினால் இடம் கிடைக்கும்.

திரும்பும்போது உங்களுக்கு இரண்டு நல்ல நேரங்கள் உண்டு. கப் முடிந்த உடனே, பரிசளிப்பைப் பார்க்காமல் நடக்கத் தொடங்குவது ஒன்று. கடைசிப் பந்தயம் முடிந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் மைதானத்திலேயே இருந்துவிட்டுக் கிளம்புவது மற்றொன்று. நடுவில் கிளம்பினால் வரிசைதான். வரிசையில் நின்ற பிறகு பொறுமை இழந்து டிராமுக்கு ஓடாதீர்கள். ஒரு ரயில் ஏற்றும் ஆட்களை ஏற்றப் பல டிராம் வேண்டும். அங்கேயும் கூட்டம் நிற்கும். டிராம் என்றால் முதலிலேயே டிராம் என்று முடிவு செய்து எப்ஸம் ரோட்டுப் பக்கம் வெளியேற வேண்டும்.

வண்டிக்குள்ளும் நிலையத்திலும் மது குடிக்கவோ திறந்த பாட்டில் வைத்திருக்கவோ கூடாது. நாள் முழுக்கக் குதிகால் உயர்ந்த செருப்போடு நின்ற பெண்கள் திரும்பும்போது அதைக் கழற்றிக் கையில் பிடித்து நடப்பது அங்கே சகஜம். நடைமேடையில் கண்ணாடித் துண்டு கிடக்கும், மடித்து வைக்கக்கூடிய தட்டைச் செருப்பு ஒன்றைப் பையில் போட்டுக்கொள்வது நல்லது. நடைமேடைக்கும் வண்டிக்கும் நடுவே செருப்போ தொப்பியோ விழுந்தால் எடுக்கக் குனிய வேண்டாம், ஊழியரிடம் சொல்லுங்கள். நீண்ட கொக்கி வைத்திருப்பார்கள், வண்டி போனதும் எடுத்துக் கொடுப்பார்கள். நடைமேடையின் தூரத்து முனை வரை நடந்து ஏறுங்கள். நுழைவாயிலுக்கு அருகில் உள்ள இரண்டு பெட்டிகள் அடைந்து நிற்கும்போது, கடைசிப் பெட்டியில் அநேகமாக உட்காரவே இடமிருக்கும்.